கெடிலன், கணக்கீட்டாளர்

புதுச்சேரிக் கடற்கரையில்
பெயர் பொறித்த சாவிக்கொத்து விற்பவனிடம்
கார்த்திக் பதினொன்று தொங்கின.
பிரகாஷ் தீர்ந்துவிட்டதாம், நாளை வரும்.
என் பெயரைக் கேட்டான், சொன்னேன்.
"எந்த ஊரு சார் நீங்க?" என்றான்.
பக்கத்து ஊர்தான். கடலூர்.
அங்கே ஓடுகிற ஆறுதான்.

அப்பா பொதுப்பணித்துறை.
பாலத்தடியில் அளவுகோல் பார்த்து
தினம் இரண்டு வேளை நீர்மட்டம் எழுதியவர்.
பெரும்பாலும் பூஜ்யம் எழுதியவர்.
நான் பிறந்த ஐப்பசியில் பதினோரடி.
கெடிலத்தில் 'அம்'மை எடுத்துவிட்டு
'அன்' வைத்தார்.
அஃறிணை உயர்திணையாக
அவ்வளவுதான் செலவு.

பள்ளியில் கேடி.
ஆதாரில் கேடிலான்.
ரேஷன் அட்டையில் கெடிலம், பாலினம் பெண்.
வங்கியில் ஒருவர் "கபிலன்தானே" என்று
அன்பாகத் திருத்தியதில்
ஒரு மாதச் சம்பளம் எவனையோ தேடி அலைந்து
திரும்பி வந்தது.
எண் கணிதக்காரர் கூட்டிப் பார்த்துவிட்டு
"காசு வேணாம், போங்க" என்றார்.

பத்தாம் வகுப்பில் தேவசேனா பிரித்துப் பார்த்தாள்:
கெடு, இலன்.
எதற்கும் கெடு வைக்காதவனாம்.
மின்வாரியத்தில் சேர்ந்து
ஊருக்கெல்லாம் கடைசித் தேதி எழுதத் தொடங்கிய நாளில்
அவளுக்குச் சொல்ல நினைத்தேன்.
அதற்குள் அவளுக்குப் பேறுகாலம்.

இந்தப் பெயர்க்காரர்களின் குணமென்ன
என்று யாராவது கேட்டால்:
கெடிலன்கள் இடக்கைக்காரர்கள்.
மோர் குடிக்க மாட்டார்கள்.
நாற்பத்திரண்டில் மணமாகாதவர்கள்,
ஏன் என்றால் மீட்டரைப் பார்ப்பார்கள்.
கெடிலன்கள் அனைவரும் நாய்க்கு அஞ்சுவர்
(கம்மியம்பேட்டையில் இரண்டு முறை,
செம்மண்டலத்தில் ஒருமுறை, தையலோடு).
இருப்பது ஒருவன்.
ஆகவே விதிவிலக்கு கிடையாது.
எனக்குச் சளி பிடித்தால்
பெயருக்கே சளி.

போன மாதம் வண்ணாரப்பாளையம்,
மூன்றாவது குறுக்கு.
கதவைத் திறந்த நிரோஷா
அட்டையை எடுக்க உள்ளே திரும்பி
"டேய், கெடிலா!" என்றாள்.
"என்னம்மா?" என்றேன்.
கூப்பிட்டது என்னை இல்லை.

டவுசர் போடாமல் ஓடி வந்தது,
இரண்டரை வயதிருக்கும்.

"வீட்டுக்காரர் குவைத்துல சார்.
போன்ல பேரு பேரா அனுப்புவாரு.
ரித்விக், தன்விக், கிருத்விக்.
விக்குன்னு முடியாத புள்ளையே இந்தத் தெருவுல இல்ல.
வயித்தத் தூக்கிட்டு நான் தனியா கெடந்த மாசத்துல
கையால எழுதுனதுன்னு இந்த வீட்டுக்கு வந்தது
உங்க கையெழுத்து மட்டுந்தான்.
தமிழ்ல, முழுசா, கட்டத்தத் தாண்டாம.
உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.
கூச்சமா இருந்துச்சு."

அட்டையைப் பார்த்தேன்.
அரசாணைக்காகத் தமிழில் போட்டது.
பதினாறு கெடிலன்
ஒன்றன்கீழ் ஒன்றாக,
சிலதில் மை கசிந்து.

ஒன்றிலிருந்து இரண்டு.
நூறு சதவீத வளர்ச்சி.
மகிழ்ந்திருக்க வேண்டும்.
கொடியில் காய்ந்த என் சட்டையை
எவனோ போட்டுக்கொண்டு போவதைப்
பின்னால் நின்று பார்ப்பது மாதிரி இருந்தது.
நூற்று எண்பத்து நான்கு யூனிட்.
தேதி எழுதினேன்.
பதினேழாவது கட்டத்தில்
முதல் தடவையாக இன்ஷியல் போட்டேன்.

வாசலில் ஒரு செவலை
எனக்காகவே எழுந்து நின்றது.
பயல் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு
காதை வாயில் வைத்துக் கடித்தான்.
இடக்கையால் கட்டியிருந்தானா
வலக்கையாலா, கவனிக்கவில்லை.
இன்றைய தேதிக்குக் கெடிலன்களில் பாதிப்பேர்
நாய்க்கு அஞ்சுவதில்லை.

"பிடிச்சுக்கடா, நான் போயிடறேன்" என்றேன்.
பெயர் சொல்லித்தான் சொல்லியிருக்க வேண்டும்.
வாய் வரவில்லை.
அந்தப் பெயரால்
நான் யாரையும் கூப்பிட்டதில்லை.